மலேசியக் கத்தரிக்காய் சம்பல்: வீட்டில் செய்தால் ஏன் அந்த ருசி வருவதில்லை?

கோவையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “கோலாலம்பூர் போயிருந்தபோது, சோற்றை வாங்கிக்கொண்டு வேண்டிய கறிகளை நாமே அள்ளிப் போட்டுக்கொள்ளும் கடை ஒன்றில் கத்தரிக்காய் சாப்பிட்டேன். தோல் பளபளவென்று ஊதாவாக இருந்தது, மேலே கருஞ்சிவப்பாக மிளகாய் விழுது. வீட்டில் மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். காய் கூழாகிவிடுகிறது, நிறம் செத்துப்போகிறது, ஊற்றிய எண்ணெயை எல்லாம் குடித்துவிடுகிறது, காரம் தொண்டையில் போய் நிற்கிறது. பெலாச்சான் என்ற இறால் விழுதுக் கட்டி வேறு இங்கே கிடைக்கவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?”

நீங்கள் சாப்பிட்டதன் பெயர் சம்பல் தெரோங். தெரோங் என்றால் மலாயில் கத்தரிக்காய். கிள்ளானில் ஒன்பது வருஷம் குடியிருந்தவன் நான். அதில் முதல் வருஷம் முழுக்க நீங்கள் செய்த தப்பைத்தான் நானும் செய்தேன். காரணம், நம் கை எண்ணெய்க் கத்தரிக்காய்க்குப் பழகிய கை. மசாலாவை வதக்கு, காயை அதற்குள் போடு, மூடி வை, காய் மசாலாவை உறிஞ்சிக்கொண்டு வேகட்டும். அந்தக் குழம்புக்கு அதுதான் முறை. சம்பல் தெரோங்கில் காய் ஒரு பக்கம் பொரியும், சம்பல் இன்னொரு பக்கம் வதங்கும். இரண்டும் சந்திப்பது பரிமாறும் நேரத்தில்தான். உங்கள் நாலு புகாரில் மூன்று காயைப் பற்றியது, ஒன்று சம்பலைப் பற்றியது. அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் காய். அங்கே கிடைப்பது நீளமாக, ஒல்லியாக, மெல்லிய தோலோடு, விதை அதிகம் இல்லாத ஊதாக் காய். இங்கே ‘நீளக் கத்தரிக்காய்’ என்று கேட்டால் கிடைப்பது கிட்டத்தட்ட அதேதான். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ராஜா, ஆனால் இதற்கு வேண்டாம். அந்தச் சதை மசாலாவில் கரைந்து வெண்ணெயாக வேண்டிய சதை. இங்கே துண்டு துண்டாக நிற்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்த இடம் உடனே மேலெழும்ப வேண்டும். எழும்பாத காயில் விதை முற்றியிருக்கும், கசப்பும் இருக்கும்.

கத்தரிக்காய்ச் சதை ஒரு பஞ்சு. செல்களுக்கு நடுவில் ஏகப்பட்ட காற்று இடைவெளி. சூடு போதாத எண்ணெயில் விழுந்தால் அந்த இடைவெளி முழுக்க எண்ணெய் ஏறிவிடும். நல்ல சூட்டில் விழுந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதலை எதிர்த்து எண்ணெய் உள்ளே போக முடியாது. பொரியும்போது காயைச் சுற்றிக் கொப்புளிக்கிறதே, அது அந்த ஆவிதான். கொப்புளம் அடங்கிய பிறகும் எண்ணெயிலேயே விட்டுவைத்தால் எண்ணெய் உள்ளே போக ஆரம்பிக்கும்.

காய் அரை கிலோ என்றால் மூன்று நீளக் காய் வரும். விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நெடுக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் உப்பைச் சதைப் பக்கம் தடவி 20 நிமிஷம் வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், பஞ்சு கொஞ்சம் அமுங்கும், எண்ணெய் குடிப்பதும் குறையும். பிறகு உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தி, துணியால் ஒற்றி எடுங்கள். கத்தரிக்காயை நறுக்கி நறுக்கித் தண்ணீரில் போடும் வழக்கத்தை இன்றைக்கு ஒரு நாள் மறந்துவிடுங்கள். கருக்காமல் இருக்க அது நல்ல வழிதான். ஆனால் ஈரக் காய் எண்ணெயில் விழுந்தால் எண்ணெய் தெறிக்கும், அதைவிட மோசமாகச் சூடு இறங்கிவிடும்.

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நிறுத்துங்கள், அதைச் சுற்றிச் சட்டென்று நுரைத்துக்கொண்டு குமிழி கிளம்பினால் சரி. தோல் பக்கம் கீழே இருக்கும்படி நாலைந்து துண்டு மட்டும் போடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு நிமிஷம் கழித்துத் திருப்பி, இன்னொரு நிமிஷம் வைத்தால் போதும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் சூடு விழுந்து, உங்கள் மூன்று தடவையும் நடந்ததுதான் நாலாவது தடவையும் நடக்கும்.

எடுத்ததும் கம்பி வலையில் சாய்த்து நிறுத்துங்கள். தட்டில் குவித்து வைக்காதீர்கள். பொரித்த பண்டம் எண்ணெயைப் பெரும்பாலும் குடிப்பது வெளியே எடுத்த பிறகுதான். உள்ளே இருந்த ஆவி ஆறிச் சுருங்கும்போது, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் அரை நிமிஷத்தில் எவ்வளவு வடிகிறதோ அவ்வளவு லாபம்.

நிறத்துக்கு வருவோம். தோலின் ஊதா, நாசுனின் என்ற ஒரு சாயம். நாவல்பழம், செம்பருத்தி இவற்றில் இருக்கும் அந்தோசயனின் குடும்பத்தைச் சேர்ந்தது. அது தண்ணீரில் கரையும். மெதுவான சூட்டில் நேரமானால் சிதைந்தும் போகும். மூடிபோட்டுக் குழம்பில் வேகவைத்த காய் பழுப்பாகிவிடுவது அதனால்தான். எண்ணெயில் சாயம் கரையாது. தோல் பக்கம் முதலில் சூட்டைத் தொட்டால் காயைக் கருக்கவைக்கும் நொதியும் அப்போதே செத்துவிடும். கடையில் தட்டில் பார்த்த அந்தப் பளபளப்புக்கு வேறு ரகசியம் கிடையாது.

பொரிக்க மனமில்லை, எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால், துண்டுகளில் எண்ணெயும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் தடவி ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 12 நிமிஷம் போல வையுங்கள். புளிப்பு அந்தச் சாயத்தைக் கொஞ்சம் காப்பாற்றும். கடைப் பளபளப்பு வராது, ஆனால் கூழாகவும் ஆகாது. ஆவியில் மட்டும் வேகவைக்காதீர்கள் என்பேன். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், எனக்குப் பிடித்ததில்லை.

அடுத்தது சம்பல். இலங்கைத் தமிழர்கள் சம்பல் என்றதும் தேங்காயை நினைப்பார்கள். பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. மலாய்ச் சமையலில் சம்பலின் உயிர் மிளகாய். நம் ஊர் மாதிரியே அங்கும் மிளகாய் வந்தேறிதான், 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் கப்பலில் வந்தது. மிளகின் காரத்தைக் காயில் கண்டு நாம் மிளகாய் என்று பெயர் வைத்தோம் அல்லவா? மலாயில் லாடா என்பது மிளகு. மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் அதே சொல்லை லாடோ என்று உச்சரித்து மிளகாய்க்குச் சூட்டிவிட்டார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே யோசனை.

அரை கிலோ காய்க்கு என் அளவு இது: காய்ந்த மிளகாய் 20, சின்ன வெங்காயம் 12, பூண்டு 4 பல், பெலாச்சான் ஒரு டீஸ்பூன், நெல்லிக்காய் அளவு புளி, கருப்பட்டி ஒன்றரை டீஸ்பூன், ஒரு பெரிய வெங்காயம், எண்ணெய் அரை கப், உப்பு. மிளகாயில் 15 காஷ்மீரி, 5 குண்டூர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழுக்கக் குண்டூர் போட்டிருந்தால் உங்கள் தொண்டையைக் குறை சொல்ல முடியாது. மிளகாயைக் கத்தரியால் துண்டாக்கி விதையை உதறிவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் 20 நிமிஷம் ஊறவையுங்கள். விதையை எடுப்பது காரத்தைக் குறைக்க மட்டும் இல்லை. நீண்ட நேரம் எண்ணெயில் கிடக்கும்போது விதை கருகிக் கசப்பைக் கொடுக்கும், விழுதும் நறநறவென்று இருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீரை விட்டே அரைக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது; அதில்தான் கசப்பும் தூசியும் இருக்கின்றன.

மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, சுட்ட பெலாச்சான் எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள். அம்மி இருந்தால் அம்மி. மலாய் வீடுகளிலும் அம்மிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி பத்து கிலிங் என்ற கல் உண்டு. மிக்ஸியில் சுற்றவில்லை என்றால் தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய் விடுங்கள். தண்ணீர் விட்டால் அதை வற்றவைக்க அடுப்படியில் இன்னும் பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

உங்கள் காரம் தொண்டையில் நின்றது இந்த இடத்தில்தான். மிளகாயின் அளவைவிட, அது வேகாததுதான் உங்களைக் கடித்தது. அரைத்த விழுதை அரை கப் எண்ணெயில், அடக்கமான தீயில், 15 முதல் 20 நிமிஷம் வதக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இறக்கினால் அது பச்சை மிளகாய்ச் சாந்துதான், சம்பல் ஆகாது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கிள்ளானில் எதிர்வீட்டு மாக்சிக். மாக்சிக் என்றால் நம் ‘அத்தை, பெரியம்மா’ மாதிரி, வயதான எந்தப் பெண்மணியையும் அப்படிக் கூப்பிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெலாச்சானை வெறும் சட்டியில் போட்டு வாட்டப்போக, அந்த மாடி முழுக்க வாடை பரவி, அவர் கதவைத் தட்டினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். நான் வதக்கி முடித்துவிட்டதாக நினைத்து அடுப்பை அணைக்கப்போனேன். “பெலும், தம்பி” என்றார். பெலும் என்றால் இன்னும் ஆகவில்லை. தம்பி என்ற சொல் அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று நிமிஷம் கழித்து மறுபடி கேட்டேன். “பெலும்.” பிறகு கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, விழுதின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். கோடு உடனே மூடிக்கொண்டது. இன்னும் ஐந்து நிமிஷம் போனது. மறுபடி இழுத்தபோது கோடு அப்படியே நின்றது, அதற்குள் சிவப்பாக எண்ணெய் மட்டும் ஊறி வந்தது. “பெச்சா மிஞாக்” என்று சொல்லிவிட்டுக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

பெச்சா மிஞாக் என்றால் எண்ணெய் உடைவது. நம் அம்மாக்கள் ‘எண்ணெய் பிரியணும்’ என்கிறார்களே, அதே கட்டம். கண்ணைவிடக் காது நல்ல சாட்சி. முதலில் விழுது சளசளவென்று நுரைத்துக் கத்தும், தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் இறங்கும், கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் ‘பொட்’ என்று மட்டும் கேட்கும். நிறம் ஆரஞ்சுச் சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு வந்து, பிறகு கருஞ்சிவப்பாகும். சட்டிக்கு மேலே குனிந்தால் இருமல் வராது. நான் நம்புவது இந்தக் கடைசி அடையாளத்தைத்தான்.

எண்ணெய் பிரிந்த பிறகு வளையமாக நறுக்கிய பெரிய வெங்காயத்தைப் போட்டு இரண்டு நிமிஷம் கிளறி, நாலு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்த புளியையும் கருப்பட்டியையும் சேருங்கள். இனிப்பை முன்னாடியே போட்டால் அடிப்பிடித்துக் கருகிவிடும். அவர்கள் போடுவது குலா மெலாக்கா, தென்னம்பாளைச் சாற்றில் காய்ச்சும் வெல்லம். நம் கருப்பட்டி அதைவிடக் கொஞ்சம் கனமான மணம், ஆனால் சர்க்கரையைவிட ஆயிரம் மடங்கு மேல். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், காயிலும் பெலாச்சானிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் எண்ணெய் இரண்டாவது தடவை பிரியும். அப்போது இறக்கலாம்.

எண்ணெய் அரை கப்பா என்று பயப்படாதீர்கள். அது முழுவதையும் சாப்பிடப் போவதில்லை. மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயை ஒரு கரண்டியால் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த நாள் முட்டை பொரிக்கலாம், தோசைக்கு ஊற்றலாம். ஆனால் குறைந்த எண்ணெயில் சம்பலை வதக்க முடியாது. விழுது பொரியாமல் வெறுமனே வேகும், பச்சை வாடை போகாது.

பெலாச்சான் கிடைக்கவில்லை என்ற கடைசிப் பிரச்சினை. அது என்னவென்றால், கெராகாவ் என்ற பொடி இறாலை உப்புப் போட்டு, வெயிலில் உலர்த்தி, இடித்து, புளிக்கவைத்து, மறுபடி உலர்த்திச் செய்யும் கட்டி. மலாக்காவும் பினாங்கும் அதற்குப் பேர்போன ஊர்கள். இந்தோனேசியாவில் தெராசி, தாய்லாந்தில் கபி, பர்மாவில் ங்கப்பி என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. சென்னையிலோ இணையத்திலோ இவற்றில் எது கிடைத்தாலும் வாங்குங்கள். கபி கொஞ்சம் ஈரமாக இருக்கும், அவ்வளவுதான்.

எதுவுமே கிடைக்காவிட்டால் நம் கடற்கரைச் சந்தைகளில் சென்னாக்கூனி என்று விற்கும் காய்ந்த பொடி இறால் இருக்கிறது. அதுவும் ஏறக்குறைய அதே ஜாதிச் சின்ன இறால்தான், புளிக்கவைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். இரண்டு மேசைக்கரண்டி எடுத்து மண் போக அலசி, வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்துப் பொடித்து விழுதோடு சேருங்கள். வீட்டில் மீன் சாஸ் இருந்தால் ஒரு டீஸ்பூன் விடுங்கள், புளித்த மணம் கொஞ்சம் வந்துவிடும். பெலாச்சான் ருசியில் முக்கால் பங்கு கிடைக்கும் என்பது என் கணக்கு. பக்கத்து வீட்டாரின் கோபமும் முக்கால் பங்குதான்.

நிஜப் பெலாச்சானைச் சுடுவதற்கு ஒரு வழி: ஒரு டீஸ்பூனை அலுமினியத் தாளில் தட்டையாக அமுக்கி மடித்து, தீயின் மேல் இடுக்கியால் பிடித்துப் பக்கத்துக்கு ஒரு நிமிஷம் காட்டுங்கள். பிரித்தால் ஓரம் உதிரியாக, வெளிறிப்போய் இருக்கும். சுடாமல் போட்டால் சம்பல் கருவாட்டுக்கடை வாடை அடிக்கும். சுட்டதும் அதே வாடை வறுத்த மணமாக மாறிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். நான் எந்தக் கதவையும் திறக்காமல் செய்துதான் மாக்சிக்கைக் கூட்டிவந்தேன்.

நீங்கள் சைவம் என்றால், பெலாச்சானுக்கு மாற்று தேடி அலையாதீர்கள். காளான் பொடி, சோயா விழுது என்று ஏதேதோ சொல்வார்கள். போட்டுப் பார்த்தேன், குழப்பமாக இருந்தது. பேசாமல் உணவையே மாற்றிவிடுங்கள். சம்பல் தெரோங்குக்குச் சுமத்திராவில் ஒரு பெரியப்பா மகன் இருக்கிறான், தெரோங் பலாடோ. பலாடோ என்றால் ‘மிளகாய் போட்டது’, மேலே சொன்ன அதே லாடோதான். பாடாங் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில், கேட்பதற்கு முன்னாலேயே மேசை நிறையச் சின்னச் சின்னத் தட்டுகளைப் பரப்பிவிடுவார்கள், தொட்டதற்கு மட்டும் காசு. அந்தத் தட்டுகளில் ஒன்றில் இது இருக்கும். பெரும்பாலும் இதில் தெராசி சேர்ப்பதில்லை. காய்ந்த மிளகாய்க்குப் பதில் பழுத்த சிவப்பு மிளகாய் 10, சின்ன வெங்காயம் 8, பூண்டு 3 பல், ஒரு தக்காளி. மைய அரைக்கக் கூடாது. மிளகாய்த் தோல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கொரகொரப்பாக இடித்து, எண்ணெயில் ஏழெட்டு நிமிஷம் வதக்கி, உப்பும் சிட்டிகை சர்க்கரையும் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். நாரத்தை இலை கிடைத்தால் ஒன்றைக் கிழித்துப் போடுங்கள், அவர்கள் போடும் இலையின் மணத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். பொரித்த காய் அதேதான். சம்பலில் ஆழம் இருக்கும். பலாடோவில் வெளிச்சம் இருக்கும். வேலை குறைவு என்பதால் வாரநாளில் என் வீட்டில் பலாடோதான்.

இரண்டையும் சேர்க்கும் விதம் ஒன்றே. காயைத் தட்டில் சதைப் பக்கம் மேலே தெரியும்படி அடுக்கி, சம்பலைக் கரண்டியால் மேலே பரப்புங்கள். சட்டியில் போட்டுக் கிளறினால் அவ்வளவு கவனமாகப் பொரித்த துண்டுகள் எல்லாம் உடைந்து, நீங்கள் தப்பித்து வந்த கூழுக்கே திரும்பிப் போய்விடுவீர்கள். பத்து நிமிஷம் அப்படியே விட்டால் காய் வேண்டிய அளவு தானே உறிஞ்சிக்கொள்ளும். சூடாக இருக்க வேண்டியதும் இல்லை. கடையில் நீங்கள் சாப்பிட்டதும் காலையில் செய்து, மத்தியானம் வரை தட்டில் இருந்ததாகத்தான் இருக்கும்.

வெள்ளைச் சோறு, நாலு வில்லை வெள்ளரிக்காய், ஓரம் மொறுமொறுத்த ஒரு முட்டை. அவ்வளவு போதும். நான் தயிர்சாதத்துக்கும் வைத்துக்கொள்கிறேன், அதை மாக்சிக்கிடம் சொல்லவில்லை.

சம்பலை மட்டும் இரண்டு மடங்காகச் செய்து வைப்பது புத்திசாலித்தனம். மேலே எண்ணெய் மூடியிருக்கும்படி கண்ணாடி பாட்டிலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். அடுத்த முறை காயைப் பொரித்தால் போதும். வெண்டைக்காய், வேகவைத்த முட்டை, வறுத்த நெத்திலி எதற்கும் இதே சம்பல். மிச்சமிருக்கும் பெலாச்சான் கட்டியை மூன்று சுற்றுத் தாளில் சுற்றி, மூடி இறுகும் பாட்டிலுக்குள் வைத்து, அந்தப் பாட்டிலையும் ஒரு பைக்குள் போட்டு வையுங்கள். நான் முதல் தடவை ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றினேன். மூன்று நாள் எங்கள் வீட்டுக் காப்பியில் இறால் மணந்தது.